களப்பணியாளரின் மனநலம்: வடக்கு, கிழக்கு நிறுவனங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நிவாரணம், மீள்குடியேற்றம், மிதிவெடி அகற்றல், வாழ்வாதாரம், உளசமூகப் பணி என்று ஏதோ ஒரு பெயரில் சனத்தோடு வேலை செய்கிறவர்களும் அவர்களுக்குப் பொறுப்பாக இருக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வைத்திய ஆலோசனைக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். உடனே உதவி தேவைப்படுகிறவர்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் போங்கள்.

எங்களைவிடச் சனம் பட்டது எவ்வளவோ. நாங்கள் எங்கள் மனநலத்தைப் பற்றிக் கதைப்பது சரியா?

சரிதான், தாராளமாகக் கதைக்கலாம். இதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சனத்துக்குள் இருந்து வந்தவர்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது முதலில் ஓடிப்போய்த் தூக்கியவர்கள் அதே கரையோர ஊர்களின் ஆட்கள். 2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள் இருந்தவர்களில், அதற்கு முன் ஐ.நா. அலுவலகங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் வேலை செய்தவர்களும் இருந்தார்கள். வெளியே வந்த பிறகு பலர் மறுபடி அதே துறைக்குத்தான் போனார்கள். தன் வீடு இடிந்து கிடக்க, அடுத்தவரின் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுவதை மேற்பார்வை செய்த ஆட்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள்.

போருக்குப் பிறகு வன்னியில் வேலை செய்த உள்ளூர்ப் பணியாளர் ஏறக்குறைய 400 பேரிடம் எடுத்த ஆய்வு 2013இல் வெளியானது. நூற்றுக்கு 58 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், 53 பேரிடம் பதகளிப்பின் (தீராத பதற்றத்தின்) அறிகுறிகளும், 19 பேரிடம் பி.டி.எஸ்.டி. எனப்படும் மனவடு நோயின் அறிகுறிகளும் காணப்பட்டன. வட உகண்டாவின் குலு பகுதியில் உள்ளூர்ப் பணியாளர் 376 பேரிடம் எடுத்த ஆய்வு 2012இல் வந்தது. அங்கே இந்த எண்கள் முறையே 68, 53, 26. இவை கேள்விக்கொத்தில் இருந்து எடுத்தவை, வைத்தியர் ஒவ்வொருவரையும் பார்த்து நோய் என்று உறுதிசெய்தவை இல்லை. ஆனாலும் ஒரு அலுவலகத்தில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இப்படி இருந்தால், அதை இவருடைய பலவீனம், அவருடைய குடும்பப் பிரச்சினை என்று தனித்தனியாகப் பிரித்துத் தள்ள முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனம் சோர்ந்த பணியாளரிடம் போகும் சனத்துக்கும் நல்ல சேவை கிடைக்காது. அடுத்தவர் அழும்போது எரிச்சல் வருகிறது, அல்லது ஒன்றுமே தோன்றுவதில்லை என்ற நிலை வந்துவிட்டால், பாதிக்கப்படுவது அந்தக் குடும்பமும்தான்.

பணியாளர் என்றால் யார் யார்?

சம்பளப் பட்டியலில் உள்ள எல்லாரும், அதில் இல்லாத தொண்டர்களும். சாரதி, காவலாளி, மொழிபெயர்ப்பாளர், சமையல் செய்யும் அம்மா, மிதிவெடி அகற்றும் பிள்ளைகள், கிராமத்தில் மாதம் ஒரு சிறு கொடுப்பனவுக்கு வேலை செய்யும் ஊக்குவிப்பாளர், எல்லாரும்தான். சாரதிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். களத்தில் நடந்த அத்தனையையும் அவர்கள் பார்க்கிறார்கள். திரும்பும் வழியில் வாகனத்துக்குள் உத்தியோகத்தர் அழுவதையும் கேட்கிறார்கள். ஆனால் மனநலப் பயிற்சி நடக்கும் நாளில் அவர்கள் வெளியே வாகனத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். மொழிபெயர்ப்பாளருக்கு வேறு மாதிரிப் பாரம். ஒரு தாய் சொன்ன கதையை "நான்" என்று தன் வாயாலேயே திரும்பச் சொல்ல வேண்டியவர் அவர்.

எங்கள் வேலையில் மனத்தை அதிகம் அழுத்துவது எது? குண்டும் சாவும் பார்த்ததுதானா?

அதுவும் இருக்கிறது. ஆனால் நாளாந்தம் அரித்துக்கொண்டிருப்பது வேறு. ஒரு கள உத்தியோகத்தரை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வடிந்து சில நாள். கையில் சேத மதிப்பீட்டுப் படிவம். சுவர் முழுமையாக விழுந்ததா, பகுதியாக விழுந்ததா என்று இரண்டு பெட்டி. அந்த வீட்டுச் சுவர் விழவில்லை, வெடித்து நிற்கிறது, உள்ளே படுக்கப் பயம். படிவத்தில் அதற்குப் பெட்டி இல்லை. "பகுதி" என்று அடையாளம் போட்டால் கிடைப்பது குறைவு என்று அவருக்குத் தெரியும். வீட்டுக்காரியோ அவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதி. அவர் விதிப்படி "பகுதி" என்றே போடுகிறார். பட்டியல் பொதுநோக்கு மண்டபத்தில் ஒட்டப்படுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சிநேகிதி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தெரிவு அளவுகோலைத் தீர்மானித்தது கொழும்பிலோ ஜெனீவாவிலோ. கோயிலில் அவமானப்பட்டது கிராமத்தில் இருக்கிறவர்.

உளவளத்துணைக்கு (கவுன்சிலிங்குக்கு) வருகிற பணியாளர்கள் அதிகம் சொல்வது இந்த வகைக் காயத்தைத்தான். சரியென்று தெரிந்ததைச் செய்ய முடியாமல் போவது. "இல்லை" என்று சொல்லும் வேலை தன் தலையில் மட்டும் விழுவது. அப்புறம் ஒப்பந்தம். ஆறு மாதம், ஒரு வருடம் என்று நீட்டித்துக்கொண்டு போகும் வேலையில், கடைசி மாதம்வரை அடுத்தது உண்டா என்று தெரியாது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது உலகம் முழுவதும் எத்தனையோ களப்பணியாளர் திடீரென்று வேலையில்லாமல் நின்றார்கள். அந்த வருடம் நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைப் புரட்டியது. மறுபடி எல்லாரும் படிவத்தோடு ஓட வேண்டியிருந்தது, சிலர் தங்கள் வீட்டுக்குள் வந்த சேற்றைக்கூடக் கழுவி முடிக்காமல்.

மேலே சொன்ன குலு ஆய்வில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. சமூக ஆதரவு கூடுதலாக இருந்தவர்களுக்கும், ஒன்றுபட்ட குழுவில் வேலை செய்தவர்களுக்கும், நாளாந்த நெருக்கீடு குறைவாக இருந்தவர்களுக்கும் மனநலம் மேலாக இருந்தது. நடந்து முடிந்த போரை எந்த நிறுவனத்தாலும் மாற்ற முடியாது. குழுவையும் நாளாந்த நெருக்கீட்டையும் நிச்சயம் மாற்றலாம்.

வெறும் களைப்பா, வருத்தமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

களைப்பு என்றால் நல்ல ஓய்வில் தீரும். இரண்டு நாள் லீவு எடுத்துத் தூங்கி எழும்பியும் அதே பாரம் நெஞ்சில் இருந்தால் கவனியுங்கள்.

வேலையால் எரிந்துபோன நிலையை உலக சுகாதார நிறுவனம் தன் 11ஆவது நோய் வகைப்பாட்டில் நோயாகச் சேர்க்கவில்லை. வேலையிடத்தில் தீராமல் போன நெருக்கீட்டின் விளைவு என்றே சொல்கிறது. அதற்கு மூன்று அடையாளம்: சக்தி முழுக்க வற்றிப்போதல், வேலையில் இருந்து மனம் விலகிப்போதல் அல்லது அதன் மேல் கசப்பு வருதல், எதைச் செய்தும் பிரயோசனமில்லை என்று தோன்றுதல். மனச்சோர்வு வேலையோடு நிற்காது. பிள்ளையோடு விளையாடவும் மனம் வராது, சாப்பாடு ருசிக்காது, விடிய மூன்று மணிக்கு முழிப்பு வந்து பிறகு நித்திரை வராது. இரண்டு கிழமைக்கு மேல் இப்படி நீண்டால் வைத்தியரைப் பார்க்க வேண்டும். மனவடு நோயில் பழைய காட்சி கேட்காமலே திரும்ப வரும், கனவில் வரும், அந்த இடத்தையும் அந்தக் கதையையும் தவிர்க்கச் சொல்லும், சிறு சத்தத்துக்கும் திடுக்கிடச் செய்யும்.

எங்கள் ஆட்கள் இதை "மனம் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவது அரிது. தலையிடி, உடம்பு உளைவு, நெஞ்சு படபடப்பு, வயிற்றெரிவு, "யோசனை கூடிப்போச்சு" என்றுதான் வரும். மாதத்தில் நாலு தரம் தலையிடிக்கு லீவு கேட்கிறவரை வேலைக்கள்ளர் என்று முடிவு கட்டாதீர்கள்.

நான் ஒரு குழுவுக்குப் பொறுப்பு. உளவியல் படிக்கவில்லை. என்னால் என்ன செய்ய முடியும்?

நீங்கள்தான் அதிகம் செய்யக்கூடியவர். உளவளத்துணையாளரை ஒருவர் மாதத்தில் ஒரு மணித்தியாலம் பார்ப்பார். உங்களை ஒவ்வொரு நாளும் பார்க்கிறார்.

முதலில் ஒவ்வொருவரோடும் தனியாக இருந்து கதைக்க நேரம் ஒதுக்குங்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தரம், அரை மணி போதும். அந்த அரை மணியை "எத்தனை வீடு முடிந்தது?" என்று தொடங்காதீர்கள். "போன கிழமை எது கஷ்டமாக இருந்தது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். சொன்னதற்கு உடனே தீர்வு சொல்ல வேண்டிய அவசியமில்லை. அலுவலக அறைக்குள் கதைக்க வராது என்றால் வெளியே போய்ப் பிளேன்ரீ குடித்துக்கொண்டு கதையுங்கள்.

"இல்லை" என்று சொல்லும் பொறுப்பை நிறுவனம் எடுக்க வேண்டும். தெரிவு அளவுகோலை, யார் தீர்மானித்தார்கள் என்பதையும் சேர்த்து, பட்டியலோடு ஒட்டுங்கள். முறைப்பாட்டுக்கான தொலைபேசி இலக்கம் கள உத்தியோகத்தரின் சொந்த இலக்கமாக இருக்கக் கூடாது. சனம் கோபமாக இருக்கும் கிராமத்துக்குப் பொறுப்பாளர் தானே போய் நின்று விளங்கப்படுத்த வேண்டும். மேலே சொன்ன உத்தியோகத்தருக்கு நூறு மூச்சுப் பயிற்சியைவிட அது உதவும்.

லீவுப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். ஆறு மாதமாக ஒரு நாளும் எடுக்காதவர் யார்? அவரைப் பாராட்டாதீர்கள், வீட்டுக்கு அனுப்புங்கள். அவர் இல்லாத நாளில் அவருடைய வேலையை யார் பார்ப்பது என்று நீங்கள் முதலே ஒழுங்கு செய்யாவிட்டால் அவர் லீவிலும் போனைத் தூக்கிக்கொண்டுதான் இருப்பார். வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு நேர எல்லை வையுங்கள். இரவு ஒன்பது மணிக்கு "நாளைக்குக் காலை படங்கள் வேணும்" என்று செய்தி போடும் பொறுப்பாளர் எந்தப் பயிலரங்கு நடத்தினாலும் பிரயோசனமில்லை.

சாவு, பாலியல் வன்முறை, காணாமல் போனோர் சம்பந்தப்பட்ட வீடுகளுக்கு ஒருவரைத் தனியாக அனுப்பாதீர்கள். அதே ஆளையே ஒவ்வொரு முறையும் அனுப்பவும் வேண்டாம். "அவ நல்லாக் கதைப்பா" என்பதற்காக எல்லாப் பாரத்தையும் ஒருவர் மேல் ஏற்றிவிடுகிறோம்.

நாட்காட்டியையும் பாருங்கள். மே 18 (முள்ளிவாய்க்கால் நினைவு நாள்), நவம்பர் 27 (மாவீரர் நாள்), டிசம்பர் 26 (சுனாமி நினைவு நாள்) போன்ற நாட்களிலும் அவற்றுக்கு முன்பின்னாகவும் பயிற்சி, கணக்காய்வு, அறிக்கைக் கெடு எதையும் வைக்காதீர்கள். அன்று லீவு கேட்பவரிடம் காரணம் கேட்காதீர்கள். மூதூரில் 2006 ஓகஸ்ட் 4 அன்று ஏ.சி.எஃப். என்ற பிரெஞ்சு உதவி நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் கொல்லப்பட்டார்கள். சுனாமிக்குப் பிந்திய நிவாரண வேலையில் இருந்தவர்கள். யாருக்கும் இதுவரை தண்டனை இல்லை. திருகோணமலையில் அந்தக் காலத்தில் இருந்தே இத்துறையில் இருப்பவர்களுக்கு ஓகஸ்ட் 4 வெறும் இன்னொரு திகதி இல்லை.

கடைசியாக, ஒப்பந்தம் நீளுமா என்பதைப் பற்றித் தெரிந்ததைத் தெரிந்த அன்றே சொல்லுங்கள். "இன்னும் தெரியாது, 15ஆம் திகதி மறுபடி சொல்கிறேன்" என்பதும் ஒரு பதில்தான். சொன்ன 15ஆம் திகதி ஒன்றும் தெரியாவிட்டாலும் போய் அதைச் சொல்ல வேண்டும்.

வருடத்துக்கு ஒரு நாள் யோகா, ஒரு சுற்றுலா, ஒரு மனநலப் பயிலரங்கு வைக்கிறோம். போதாதா?

போதாது. வைப்பதில் தவறில்லை, ஆட்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அடுத்த நாள் அதே சுமை, அதே மேசை என்றால் பணியாளர் அதை நம்பமாட்டார்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வேலையிட மனநல வழிகாட்டலும் தனிமனிதருக்கான பயிற்சியோடு நிற்கவில்லை. வேலையின் ஒழுங்கையே திருத்துவதையும் பொறுப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதையும் அது பரிந்துரைக்கிறது. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் பொறுப்பாளர் பயிற்சிக்குப் போடுங்கள்.

பெரிய சம்பவம் ஒன்று நடந்துவிட்டது. எல்லாரையும் ஒன்றாக இருத்தி நடந்ததைச் சொல்ல வைக்கலாமா?

கட்டாயப்படுத்தி வேண்டாம். ஒரு காலத்தில் அதுதான் வழக்கம். சம்பவம் நடந்து ஓரிரு நாளில் எல்லாரையும் வட்டமாக இருத்தி, பார்த்ததையும் உணர்ந்ததையும் ஒவ்வொருவராக விவரிக்கச் சொல்வார்கள். அப்படி ஒரே ஒரு அமர்வில் கிளறிவிடுவது மனவடு நோயைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டின, சிலருக்கு அது தீங்காகவும் முடியலாம். உலக சுகாதார நிறுவனமும் அந்த முறையைப் பரிந்துரைப்பதில்லை.

அதற்குப் பதிலாக உளவியல் முதலுதவி. உலக சுகாதார நிறுவனமும் கூட்டு அமைப்புகளும் 2011இல் வெளியிட்ட கைநூல் இதை மூன்று சொல்லில் அடக்குகிறது: பார், கேள், இணை. முதலில் ஆள் பாதுகாப்பாக இருக்கிறாரா, காயம் உண்டா என்று பாருங்கள். சொல்ல விரும்பினால் கேளுங்கள், விரும்பாவிட்டால் பக்கத்தில் இருங்கள். வீட்டாரோடும் வைத்தியரோடும் தேவையான உதவியோடும் இணைத்துவிடுங்கள். நடைமுறையில் இது மிகச் சாதாரணமான காரியங்கள்தான். அன்றிரவு அவரைத் தனியாகப் பஸ்ஸில் அனுப்பாமல் வாகனத்தில் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவது. வீட்டில் ஒருவரிடம், அவருடைய சம்மதத்தோடு, விஷயத்தைச் சொல்வது. சம்பவ அறிக்கையை அன்றே அவரிடமே எழுதச் சொல்லாமல் இருப்பது. அடுத்த நாள் காலை ஒரு தொலைபேசி அழைப்பு. முதல் கிழமைகளில் நித்திரை வராததும் திடுக்கிடுவதும் பலருக்கு வரும், பெரும்பாலானோருக்குத் தானே குறையும் என்று சொல்லிவைப்பதும் உதவி. ஒரு மாதம் கழித்தும் குறையாவிட்டால் மனநல வைத்தியரிடம்.

எல்லாரும் கவனிக்க மறப்பது இரண்டாவது, மூன்றாவது மாதத்தை. அப்போது அலுவலகம் அதை மறந்துவிடும், அவர் மறந்திருக்க மாட்டார்.

அலுவலகத்திலேயே ஒரு உளவளத்துணையாளரை வைக்கலாமா? இரகசியம் காக்கப்படுமா?

சிறிய ஊரில் இது பெரிய விஷயம். கிளிநொச்சியில் இருக்கும் ஒரு உளவளத்துணையாளரும் உங்கள் பணியாளரும் ஒரே கூட்டத்தில் சந்திப்பார்கள், சில வேளை தூரத்து உறவாகவும் இருப்பார்கள். அதனால் நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஒருவரோடு, முடிந்தால் வேறு மாவட்டத்தவரோடு, தொலைபேசியிலும் கதைக்கக்கூடிய மாதிரி ஒழுங்கு செய்வது நல்லது. நிறுவனம் கட்டணத்தைக் கொடுக்கும், பெயரைக் கேட்காது. மாத முடிவில் "இத்தனை அமர்வு" என்ற எண்ணிக்கை மட்டும் வந்தால் போதும். மனிதவளப் பிரிவுக்கோ முகாமையாளருக்கோ குறிப்பு எதுவும் போகக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு, அதையும் முதல் அமர்விலேயே சொல்லிவிட வேண்டும்.

உளசமூகப் பணியாளர்களே தங்களுக்கு உதவி தேடுவது இன்னும் கஷ்டம். "நீங்களே இதைத்தானே படிப்பிக்கிறீங்கள்" என்று கேட்பார்களோ என்ற கூச்சம். அவர்களுக்குத் துறைசார் மேற்பார்வை கட்டாயம் வேண்டும். தாங்கள் கேட்ட கதைகளைக் கொண்டுபோய் வைக்க அவர்களுக்கு ஒரு மூத்தவர் தேவை.

"விசர்" என்ற பெயர் வந்துவிடும், வேலையும் போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. கிளினிக் வாசலில் யாராவது கண்டால் கதை ஊர் முழுக்கப் போகும் என்று நினைக்கிறவர்கள் பலர். அதற்காக வருத்தத்தை வளர்க்காதீர்கள். மனச்சோர்வும் பதகளிப்பும் மிகப் பரவலாக வருகிற, வைத்தியம் செய்யக்கூடிய நோய்கள். மருந்தெடுத்துக்கொண்டே வேலை செய்கிறவர்கள் எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறார்கள், உங்களுக்குத் தெரியாமல்.

பொறுப்பாளரிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. "வைத்தியரிடம் போகிறேன், இரண்டு மாதம் இரவுப் பயணம் வேண்டாம் என்கிறார்" என்றால் போதும். நிறுவனத்தின் பக்கத்தில் செய்ய வேண்டியது, மனநலக் காரணத்துக்காக உதவி தேடியவர் பதவி உயர்விலோ ஒப்பந்த நீட்டிப்பிலோ பாதிக்கப்படமாட்டார் என்று கொள்கையில் எழுதி, தமிழில், எல்லாருக்கும் கையில் கொடுப்பது. அப்புறம் ஒரு மூத்தவர், தான் ஒரு காலத்தில் உளவளத்துணைக்குப் போனதைத் தானே விரும்பிச் சொன்னால், அந்தக் கடிதத்தைவிட அது அதிகம் வேலை செய்யும்.

பெண் பணியாளர்களுக்கு வேறு என்ன கவனிக்க வேண்டும்?

கழிவறையில் தொடங்குங்கள். களத்துக்குப் போகும் நாளில் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் இருட்டில் காட்டு வழியால் திரும்புவது, மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைப்பது, தங்கும் பயிற்சிக்குப் பாலூட்டும் தாயை அழைப்பது, இவையெல்லாம் மனநல விஷயங்கள்தான். வீட்டுக்குப் போனதும் இரண்டாவது வேலை காத்திருக்கிறது. வடக்கில் மிதிவெடி அகற்றும் பெண்களில் குடும்பத்துக்கு ஒரே உழைப்பாளியாக இருப்பவர்கள் உண்டு. நாள் முழுக்க வெயிலில், பாதுகாப்புக் கவசத்துக்குள், ஒரு கணமும் கவனம் சிதறாமல் வேலை செய்கிறவருக்கு முதல் நாள் இரவு நித்திரை இல்லை என்றால் அதைச் சொல்ல வழி இருக்க வேண்டும். சொன்னதற்காக அந்த நாள் சம்பளம் வெட்டப்பட்டால் யாரும் சொல்லமாட்டார்கள்.

பாலியல் தொந்தரவு பற்றிய முறைப்பாட்டை எங்கே கொடுப்பது, யார் விசாரிப்பார், எத்தனை நாளில் பதில் வரும் என்பது முதல் நாள் அறிமுகத்திலேயே சொல்லப்பட வேண்டும். முறைப்பாடு கொடுத்தவரை இடமாற்றி, யாருக்கு எதிராகக் கொடுத்தாரோ அவரை அதே கதிரையில் விட்டுவைக்கும் அலுவலகத்தில் எந்தப் பெண்ணின் மனமும் ஆறாது.

எங்களுடையது சின்ன உள்ளூர் அமைப்பு. ஆறு பேர், காசு இல்லை.

மேலே பொறுப்பாளருக்குச் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காசு தேவையில்லை. அதோடு, பக்கத்து அமைப்பு ஒன்றோடு சேருங்கள். இரண்டு அமைப்பின் பணியாளரும் மாதம் ஒரு தரம் பொறுப்பாளர்கள் இல்லாமல் கூடிக் கதைக்கலாம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருந்தால் அவரை அழையுங்கள்.

காசையும் கேட்கப் பழகுங்கள். திட்ட முன்மொழிவின் செலவுப் பட்டியலில் வாகன எரிபொருளுக்கு ஒரு தலைப்பு இருப்பதுபோல் பணியாளர் நலனுக்கும் ஒரு தலைப்புப் போடுங்கள். சர்வதேச நிறுவனம் தன் ஆட்களுக்குக் காப்புறுதி, ஓய்வு விடுப்பு, உளவளத்துணை எல்லாம் வைத்துக்கொண்டு, அதே வேலையைச் செய்யும் பங்காளி அமைப்பின் ஆட்களுக்கு ஒன்றும் வைக்காமல் விடுவது அநியாயம். ஆபத்து அதிகம் யாருக்கு என்று பாருங்கள். 2024இல் உலகில் கொல்லப்பட்ட மனிதாபிமானப் பணியாளர் 383 பேர் என்று ஐ.நா. அறிவித்தது. பெரும்பாலானோர் தங்கள் சொந்த ஊரிலேயே சேவை செய்தவர்கள்.

பணியாளரின் மனநலத்தைப் பார்ப்பது நிறுவனத்தின் கடமையா, தயவா?

கடமை. பேரிடர்களில் மனநலப் பணி பற்றி ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட வழிகாட்டலில் பணியாளருக்கும் தொண்டர்களுக்கும் என்று தனிப் பகுதியே இருக்கிறது. நெதர்லாந்தின் அன்ராரஸ் நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டல் ஆளை எடுப்பதில் இருந்து வேலை முடிந்து போன பின்வரை எட்டுக் கட்டமாகப் பொறுப்பைச் சொல்கிறது.

நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. 2012 ஜூனில் கென்யாவின் தடாப் அகதி முகாமில் நோர்வே அகதிகள் சபையின் பணியாளர்கள் கடத்தப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான ஸ்டீவ் டெனிஸுக்குக் காலில் சூட்டுக் காயம், பிறகு மனவடு நோய். அவர் போட்ட வழக்கில் 2015 நவம்பரில் ஒஸ்லோ நீதிமன்றம், நிறுவனம் மிகப் பெரிய கவலையீனமாக நடந்தது என்று கண்டு நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அதன் பிறகு பல நிறுவனங்கள் தங்கள் கொள்கைகளை எடுத்துத் தூசு தட்டின.

அவர் கனேடியர், நோர்வேயில் வழக்குப் போட முடிந்தது. 2008 செப்டெம்பரில் ஐ.நா.வும் சர்வதேச நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறியபோது வெளிநாட்டவர் போனார்கள், உள்ளூர்ப் பணியாளர் பலர் குடும்பத்தோடு உள்ளேயே இருக்க வேண்டி வந்தது. அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனதாகத் தெரியவில்லை. வெளியேற்றத் திட்டம் எழுதும்போது அதில் உள்ளூர்ப் பணியாளரும் அவர்களுடைய குடும்பமும் எங்கே வருகிறார்கள் என்று ஒவ்வொரு பணியாளரும் கேட்க வேண்டும், வேலையில் சேரும் நாளிலேயே.

திட்டம் முடிகிறது. ஆட்களை எப்படி அனுப்புவது?

மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். நேரில் சொல்லுங்கள், சேவைக் கடிதத்தையும் சேமலாப நிதி விபரங்களையும் கடைசி நாளுக்கு முன்பே கையில் கொடுங்கள். கிராமத்தில் சனத்திடம் விடைபெற அவர்களுக்கு ஒரு நாள் கொடுங்கள், வாகனத்தோடு. உளவளத்துணை ஒழுங்கு வேலை முடிந்த பிறகும் சில மாதம் தொடரட்டும். வேலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது அமுங்கிக் கிடந்தது பலருக்கு நின்ற பிறகுதான் மேலே வரும். சர்வதேசப் பணியாளர் 212 பேரைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், போகுமுன் நூற்றுக்குப் பத்துப் பேரளவில் இருந்த மனச்சோர்வு, பணி முடிந்ததும் ஏறக்குறைய இருபதாகியிருந்தது. மூன்று முதல் ஆறு மாதம் கழித்தும் அது இறங்கவில்லை.

வீட்டில் ஒருவர் இந்த வேலையில் இருக்கிறார். வந்ததும் ஒன்றும் கதைப்பதில்லை, இப்போது குடிக்கவும் தொடங்கிவிட்டார்.

என்ன நடந்தது என்று தோண்டாதீர்கள், சொல்லக் கூடாத விஷயங்களும் அந்த வேலையில் உண்டு. சாப்பாடு, நித்திரை, பிள்ளைகளோடு கொஞ்ச நேரம், இவற்றை ஒழுங்காக வைத்திருக்க உதவுங்கள். நித்திரைக்காகத் தொடங்கும் குடி நித்திரையையே கெடுக்கும். தினமும் குடிக்காமல் முடியவில்லை என்ற நிலை என்றால் அதற்கும் மனநலப் பிரிவில் வைத்தியம் உண்டு. நெடுநாள் குடித்தவர் திடீரென்று தானாக நிறுத்துவது ஆபத்து, வைத்தியரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

"இருந்து என்ன பயன்" என்று ஒரு சக பணியாளர் சொன்னார். என்ன செய்வது?

நேராகக் கேளுங்கள்: "சாக வேணும் என்று யோசனை வருதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, கேட்டதும் பலருக்கு ஆறுதலாகத்தான் இருக்கும். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். அவர் நம்பும் ஒருவரை வரவழையுங்கள். பூச்சிமருந்து, மாத்திரை, கயிறு போன்றவற்றை அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். அன்றே கிட்டிய அரசாங்க வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். போதனா வைத்தியசாலையிலும் மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. அம்புலன்ஸ் வேண்டுமென்றால் 1990, அதுவும் இலவசம்.

தொலைபேசியில் கதைக்க, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் 1926, எந்த நேரமும் எடுக்கலாம். 1333 என்ற இலக்கத்திலும் உளவளத்துணை கிடைக்கும். தமிழில் கதைக்க வேண்டும் என்று எடுத்தவுடன் சொல்லுங்கள். இந்த மூன்று இலக்கங்களையும் அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்திலும், ஒவ்வொரு வாகனத்துக்குள்ளும் ஒட்டிவையுங்கள்.